காப்பாற்றப்பட்ட இருபது பேர்ச்

நாட்டில் விளைநிலம் சுருங்கிக்கொண்டே போகிறது என்ற செய்தி ஒருவழியாகக் கொழும்புக்கு எட்டியது. எட்டிய கையோடு பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். இதைத் தடுக்க முதலில் செய்யவேண்டிய காரியம் ஒரு கட்டடம் கட்டுவதுதான் என்று முடிவெடுத்தார்கள். லிந்துலைக்குக் கீழே, ஆற்றோரமாக, லீக்ஸும் கரட்டும் விளைந்துகொண்டிருந்த நாலு ஏக்கர் தட்டை நிலம் அதற்குத் தோதாக இருந்தது. மலைநாட்டில் தட்டை நிலம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆகவே லீக்ஸைப் பிடுங்கி எறிந்துவிட்டு மூன்று மாடிக் கட்டடம் எழுப்பினார்கள். வாசலில் மும்மொழியிலும் பெயர் எழுதினார்கள்: விளைநிலச் சுருக்கத் தடுப்பு அதிகாரசபை. அவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்ல யாருக்கும் தெம்பில்லை. தோட்டத்துச் சனங்கள் ‘சுருக்காபீஸ்’ என்று வைத்துக்கொண்டார்கள்.

குருவிமலைத் தோட்டத்து எட்டாம் நம்பர் லயத்து வரிசை வீட்டில் இருந்த காளியாயிக்கு இந்த விஷயம் எதுவும் தெரியாது. அவள் முப்பது வருடமாகத் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். புருஷன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மாவு பிசைகிறான். தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் வருவான். மகள் பிரேமினி தோட்டத்து முன்பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறாள். காளியாயிக்குச் சொத்து என்று சொல்லிக்கொள்ள லயத்துக்குப் பின்னால் இருபது பேர்ச் நிலம் இருந்தது. ஒரு ஏக்கரில் எட்டில் ஒரு பங்கு. சொந்தம் என்று காகிதம் ஏதும் கிடையாது. தேயிலை செத்து மானாப்புல் மண்டிக் கிடந்த சரிவு அது. ‘புல்லு வெட்டுற கூலி மிச்சம்’ என்று நினைத்து, தோட்டத்தை நடத்திய பழைய தொரை வாயால் அனுமதி கொடுத்துவிட்டுப் போனார். புருஷனும் பொஞ்சாதியும் மூன்று வருடம் கல் பொறுக்கி, கட்டுக் கட்டி, அதை நிலமாக்கினார்கள். சம்பளத்தில் அரிசியும் மாவும் வரும். கறி என்று சட்டியில் எது கொதித்தாலும் அது அந்த இருபது பேர்ச்சில் முளைத்ததுதான். போஞ்சி, கோவா, நோக்கோல், அந்த முறை பெரும்பாலும் உருளைக்கிழங்கு. மிஞ்சினால் லிந்துலைக் கடைத்தெருவில் ரிஸ்வி நானாவின் மரக்கறிக் கடைக்குப் போகும்.

கிழங்கு நட்டுப் பத்தாம் நாள் அதிகாரசபை ஜீப் வந்து நின்றது. அதிலிருந்து விஜிதரன் என்ற இளம் உத்தியோகத்தர் சப்பாத்தில் சேறு படாமல் இறங்கினார். மாவட்டம் முழுவதும் தேடி இந்த நிலத்தைத் தெரிவு செய்ததாகச் சொன்னார். தேடிய முறை மிகவும் விஞ்ஞானபூர்வமானது. ஜீப் போகிற பாதையிலிருந்து இறங்காமலே பார்க்கக்கூடிய ஒரே மரக்கறி நிலம் இதுதான்.

“அக்கா, உங்க நிலத்த நாங்க பாதுகாக்கப் போறோம்.”

“யாருகிட்ட இருந்துங்க ஐயா?” என்று காளியாயி கேட்டாள்.

விஜிதரன் கொஞ்சம் யோசித்தார். “அது போகப் போகத் தெரிய வரும்க்கா.”

பிறகு மஞ்சள் நிறக் கருவி ஒன்றை வானத்துக்குக் காட்டிவிட்டு நிலத்தைச் சுற்றி நடந்தார். அது மேலே சுற்றுகிற சாட்டலைட்டோடு பேசுமாம். பேசி முடித்ததும் சுற்றுநிருபத்தைப் பிரித்தார். “மொத்தம் இருபது பேர்ச். இதுல சரிவுக்கு ஒன்றரைக் கழிவு. ஏன்னா எங்க படத்துல நிலம் தட்டையாத்தான் இருக்கும். படத்துல மலை ஏறாது. சவுக்கு மரத்து நிழலுக்கு ஒண்ணு. பாறைக்கு அரை. ஓரத்துக்கு ஒண்ணு. ஆக, பாதுகாக்கத் தகுந்த நிலம் பதினாறு பேர்ச். சம்மதம்னா கையெழுத்து வைங்க.”

வேறு ஊர்க்காரர் யாராவது இருந்தால் அந்த இடத்திலேயே மண்வெட்டியைத் தூக்கியிருப்பார்கள். காளியாயி பேனாவைத் தூக்கினாள். அதற்குக் காரணம் இருந்தது. முப்பது வருடமாகக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அவள் இறக்கி வைத்த கொழுந்தில் கழிவு போடாத நாளே கிடையாது. சாக்குக்கு ஒரு கிலோ, மழை ஈரத்துக்கு இரண்டு கிலோ, முற்றின இலைக்கு ஒரு கிலோ. தராசு என்று ஒன்று வந்தால் கழிவு என்று ஒன்று பின்னாலேயே வரும் என்பது அவளுக்குச் சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரி. அளவெடுக்க வந்தவர் கழிவே போடாமல் போயிருந்தால்தான் சந்தேகப்பட்டிருப்பாள்.

பிரேமினி முன்பள்ளியிலிருந்து வந்து கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டாள். “அம்மா, கழிச்ச கொழுந்த என்னைக்காச்சும் உங்ககிட்ட திருப்பிக் கொடுத்திருக்காங்களா?”

“இல்ல.”

“குப்பையில கொட்டுனாங்களா?”

“எதுக்குக் கொட்டுறாங்க? அதுவும் பேக்டரிக்குத்தான் போகும்.”

“அப்ப கழிச்ச நாலு பேர்ச் எங்க போகும்?”

காளியாயி எழுந்து பின்பக்கம் போய் நிலத்தை எட்டிப் பார்த்தாள்.

மறுவாரமே லொறியில் சீமெந்து வந்து இறங்கியது. கழித்த நாலு பேர்ச்சில் பெரிய பலகை ஒன்றை நட்டார்கள். ‘பாதுகாக்கப்பட்ட விளைநிலம். அனுமதியின்றி உட்பிரவேசித்தல் தண்டனைக்குரிய குற்றமாகும்.’ பலகை காற்றில் விழாமல் இருக்க அடியில் கொங்கிரீட் மேடை போட்டார்கள். உத்தியோகத்தர்கள் பலகையைப் பார்வையிட வந்துபோகக் கல் பதித்த பாதை போட்டார்கள். இரண்டு வரிசை கிழங்கு பாதைக்கு அடியில் போனது.

ஒரு மாதம் கழித்து விஜிதரன் மறுபடியும் அளக்க வந்தார். பலகையின் நிழலுக்கு ஒரு கழிவு விழுந்தது. பாதையில் வழியும் தண்ணீருக்கு ஒன்று. இப்படியே ஐந்து பேர்ச் போய்விட்டது. கருவியைப் பார்த்தவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. “பாத்தீங்களா அக்கா! ஒரே மாசத்துல பதினாறு பதினொண்ணாச் சுருங்கியிருக்கு. நிலம் சுருங்குதுன்னு கொழும்புல நாங்க சொன்னப்ப யாரும் நம்பல. இப்ப ஆதாரம் கிடைச்சிருச்சு.”

ஆதாரம் கிடைத்த பிறகு சும்மா இருக்க முடியுமா? சுருக்கத்தைக் கண்காணிக்கக் காவல் கூண்டு ஒன்று வைத்தார்கள். காவலுக்கு ஆள் வந்தால் அவருக்குக் கழிப்பறை வேண்டும். கழிப்பறை வந்தால் அதைத் திறந்து வைக்கப் பெரியவர்கள் வருவார்கள். அவர்களுடைய வாகனம் திரும்ப இடம் வேண்டும். யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். சுருக்காபீஸ் அசைந்தும் தின்றது, அசையாமலும் தின்றது. காளியாயியின் கோவாப் பாத்தி மேல் ஜீப்புகள் ரிவர்ஸ் எடுத்தன.

காவலாளியாகப் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த வீரய்யாவையே போட்டார்கள். சின்ன வயதிலிருந்து காளியாயியின் வீட்டுக் கிழங்கைத் தின்று வளர்ந்த ஆள். அடுத்த நாள் களை எடுக்கப் போனவளை விசிலடித்து நிறுத்தினார்.

“அக்கா, பேரு, அடையாள அட்டை நம்பர், உள்ள வர்ற காரணம். இந்தப் புத்தகத்துல எழுதணும்.”

“டேய் வீரய்யா, நான் யாருன்னு ஒனக்குத் தெரியாதா?”

வீரய்யா தலையைக் குனிந்துகொண்டார். “தெரியும்க்கா. ஆனா யூனிபோர்ம் போட்டா தெரியக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.”

காளியாயி காரணம் என்ற இடத்தில் ‘சோறு’ என்று எழுதிவிட்டு உள்ளே போனாள்.

மிஞ்சியது பதினொரு பேர்ச். அத்தனையிலும் கிழங்கு பூத்து நின்றது. தோண்ட இன்னும் இருபது நாள் இருக்கும்போது கடிதம் வந்தது. பிரேமினி வாசித்தாள். வருகிற வெள்ளிக்கிழமை உணவுப் பாதுகாப்புத் தினம். அதைக் கொண்டாடுவதற்கான மேடையும் கூடாரமும் மேற்படி மாதிரி நிலத்தின் மீதே அமையும். நில உரிமையாளர் கலந்து சிறப்பிக்க வேண்டும்.

காளியாயி அன்றைக்குப் பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போகவில்லை. கையில் நாலு கொத்துக் கிழங்குச் செடியைப் பிடுங்கிக்கொண்டு அதிகாரசபைக்குப் பஸ் ஏறினாள். கடைத்தெருவில் ரிஸ்வி நானா நிறுத்தினார்.

“என்ன தங்கச்சி, இந்தப் பக்கம் காணவே இல்ல? லீக்ஸ் ஈக்கிதா, போஞ்சி ஈக்கிதா?”

“சுருக்காபீஸ் ஈக்கிது நானா” என்றாள் காளியாயி.

அவர் சிரிக்கவில்லை. “ஆத்தோரத்து நாலு ஏக்கர்ல இருந்து எனக்கு நாளைக்கு ஆறு மூட்ட வந்திச்சி. இப்ப அந்தக் கட்டடத்துல இருந்து காகிதம்தான் வருது, சுண்டல் சுத்தத்தான் ஒதவும். வேலியே பயிர மேஞ்சா யார்ட்ட போய்ச் சொல்ற? சரி, போய்க் கேட்டுட்டு வாங்க.”

அதிகாரசபையில் முதல் மாடியில் ஓர் அம்மையார் அவளுடைய விவசாயப் பதிவு இலக்கத்தைக் கேட்டார். அப்படி ஒன்று இல்லை. அப்படியானால் நீங்கள் தோட்டத் தொழிலாளி, விவசாயி அல்ல, இரண்டாம் மாடிக்குப் போங்கள் என்றார். இரண்டாம் மாடியில் ஒருவர் பெரிய வரைபடத்தை விரித்து, அவளுடைய நிலம் இருந்த இடத்தில் விரலை வைத்தார். பச்சை நிறம். தேயிலை.

“அங்க தேயிலை செத்து இருபது வருஷமாச்சுங்க.”

“படத்துல உயிரோட இருக்கே அம்மா.”

காளியாயி கிழங்குச் செடியை மேசை மேல் வைத்தாள். வேரில் நெல்லிக்காய் அளவுக் கிழங்குகள் தொங்கின. அவர் செடியையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “இது களை” என்றார். “தேயிலை நிலத்துல தேயிலை தவிர எது முளைச்சாலும் களைதான். நீங்க மூணாம் மாடியில பணிப்பாளரப் பாருங்க.”

பணிப்பாளர் மிகவும் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். பால்தேநீர் வரவழைத்தார். பக்கத்தில் விஜிதரன் நின்றுகொண்டு அவருடைய சிங்களத்தைத் தமிழாக்கினார். காளியாயிக்குச் சிங்களம் நன்றாகவே தெரியும். ஆனாலும் இரண்டு தடவை கேட்டால் ஒரு தடவையாவது விளங்கும் என்று பேசாமல் இருந்தாள்.

“அம்மா, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். விளைநிலம் குறைந்தது என்று முறையிட வேண்டுமென்றால் முதலில் உங்களுக்கு விளைநிலம் இருந்திருக்க வேண்டும். உங்களுக்கு நிலம் இல்லை. இல்லாத நிலம் எப்படிக் குறையும்?”

“அப்ப இல்லாத நெலத்துல எப்படிங்க மேட போடுறீங்க?”

பணிப்பாளர் விஜிதரனைப் பார்த்தார். விஜிதரன் கூரையைப் பார்த்தார்.

“மேடை விஷயத்தில் மட்டும் நிலம் இருக்கிறது” என்றார் பணிப்பாளர். “எங்களுடைய வேலை நிலத்தைப் பாதுகாப்பது. அதில் என்ன விளைகிறது, யார் சாப்பிடுகிறார்கள் என்பதெல்லாம் வேறு அமைச்சு. நாங்கள் பிறர் வேலையில் தலையிடுவதில்லை. தேநீர் குடியுங்கள்.”

“இருவது நாளுங்க ஐயா. இருவது நாள் பொறுத்துக்கங்க. கெழங்க எடுத்துட்டு நானே கூட்டிப் பெருக்கித் தர்றேன்.”

“உணவுப் பாதுகாப்புத் தினத்தைத் தள்ளிப் போடுவதா? உணவு விஷயத்தில் நாங்கள் அவ்வளவு அசட்டையாக இருக்க முடியாது அம்மா.”

வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து காளியாயி அழுதாள். அழுதுகொண்டே கோதுமை மாவு பிசைந்தாள். ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள அன்றைக்கு வெறும் கொச்சிக்காய்ச் சம்பல்தான் இருந்தது. அந்தக் கோபத்தில்தான் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. அவர்கள் மேலே பேசட்டும். கிழங்கு கீழேதானே இருக்கிறது!

வெள்ளிக்கிழமை வாழைமரம் கட்டி, பான்ட் வாத்தியம் வைத்து, தினம் விடிந்தது. கண்காட்சிக் கூடாரத்தில் மலைநாட்டு மரக்கறிகள் அடுக்கப்பட்டிருந்தன. உண்மை மரக்கறி வாடிவிடும் என்பதால் அவையெல்லாம் பிளாஸ்டிக். உருளைக்கிழங்கு மட்டும் நிஜம். அது கப்பலில் வந்தது. சாப்பாடு நுவரெலியா ஹோட்டலில் இருந்து வேனில் வந்தது. இரும்புக் குழாய்க் கால்களில் நின்ற மேடை கிழங்குப் பாத்தி மேல் அகலமாக விரிந்திருந்தது. கால்கள் அசிங்கமாகத் தெரியாமல் சுற்றிலும் பச்சைத் துணி கட்டியிருந்தார்கள். மேலே பணிப்பாளரும் பதினெட்டு உத்தியோகத்தர்களும் வீற்றிருந்தார்கள்.

குத்துவிளக்கு ஏற்றும்போது காளியாயியும் எட்டாம் நம்பர் லயத்துப் பெண்கள் ஆறு பேரும், இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, கிழங்கு கிளறும் இரும்பு முள்ளும் காலி உரப்பையுமாக வந்தார்கள். காவல் கூண்டில் இருந்த வீரய்யா அவர்களைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். பிறகு திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். அந்த உத்தியோகத்தில் அவர் செய்த ஒரே உருப்படியான வேலை அது. பெண்கள் துணியைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு அடியில் போய்விட்டார்கள்.

மேலே பணிப்பாளர் உரையைத் தொடங்கினார். விஜிதரன் தமிழாக்கினார். “அன்பர்களே, இந்த மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று நாம் என்றாவது சிந்தித்துப் பார்த்திருக்கிறோமா?”

அடியில் காளியாயி முள்ளை இறக்கிப் புரட்டினாள். எலுமிச்சங்காய் அளவில் ஏழெட்டு உருண்டன. கேட்ட இருபது நாளைக் கொடுத்திருந்தால் ஒவ்வொன்றும் கை நிறைய இருந்திருக்கும்.

“மூன்று மாதத்துக்கு முன்னால் இங்கே வந்தபோது இது பசுமையான மரக்கறி நிலம். இன்று பாருங்கள்! ஒரு செடி இருக்கிறதா? ஒரு இலை இருக்கிறதா?” பணிப்பாளரின் குரல் தழுதழுத்தது. “விளைநிலம் எவ்வளவு வேகமாக அழிகிறது என்பதற்கு நாம் நிற்கும் இந்த இடமே சாட்சி. இதை அழித்தவர்கள் யார்? அவர்களை இந்த நாடு மன்னிக்குமா?”

எல்லோரும் கை தட்டினார்கள். தட்டும்போது மேடை இடது பக்கமாக நாலு விரற்கடை இறங்கியது. கிழங்கு எடுத்த மண் பொலபொலவென்று இருந்தது. குழாய்க் கால்கள் அதில் இதமாக இறங்கின. பிரதிப் பணிப்பாளரின் தண்ணீர்ப் போத்தல் மெல்ல உருண்டு பிரதம கணக்காளரின் மடிக்குப் போனது. அதிகாரசபையில் மேலதிகாரி பேசும்போது சாய்வைப் பற்றிக் குறிப்பிடுவது வழக்கமில்லை. ஆகவே பதினெட்டுப் பேரும் சாய்ந்தபடியே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

“நாம் ஓர் அடி கூடப் பின்வாங்க மாட்டோம்” என்றார் பணிப்பாளர். மேடை ஓர் அடி கீழே போனது. தமிழாக்கிக்கொண்டிருந்த விஜிதரன் ஒலிவாங்கியைப் பிடித்துத் தொங்கினார். குத்துவிளக்கு அணைந்தது. அதற்குப் பிறகுதான் வழக்கத்தை விட்டுவிட்டு எல்லோரும் குதித்து ஓடினார்கள். யாருக்கும் அடி படவில்லை; ஹோட்டல் புரியாணிக்கும் சேதமில்லை. பெண்கள் மறுபக்கமாக வெளியே வந்து இரண்டரை மூட்டை பிஞ்சுக் கிழங்கைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் போனார்கள்.

விசாரணை நடந்தது. மண்ணின் தன்மை உறுதியாக இல்லை என்று கண்டுபிடித்தார்கள். அதை உறுதியாக்க மிச்சமிருந்த பதினொரு பேர்ச்சுக்கும் கொங்கிரீட் போட்டார்கள். பிறகு விஜிதரன் கடைசி முறையாக அளந்தார். கருவி பூச்சியம் காட்டியது. அடுத்த மாதம் அளந்தார், அப்போதும் பூச்சியம். ஒரு மாதத்தில் நிலம் ஒரு அங்குலம்கூடச் சுருங்கவில்லை! அதிகாரசபை வரலாற்றிலேயே இது முதல் தடவை. விளைநிலச் சுருக்கம் முற்றாக நிறுத்தப்பட்ட முதலாவது தோட்டமாகக் குருவிமலை அறிவிக்கப்பட்டது. பணிப்பாளருக்குக் கொழும்பில் விருது கொடுத்தார்கள். காளியாயிக்கு ஒரு சான்றிதழும் ஒரு சின்னக் கடதாசிப் பக்கெட் கரட் விதையும் கிடைத்தன.

“எங்க நடங்க ஐயா?” என்று அவள் கேட்டாள்.

“ஈரமான இடமாப் பாத்து நடுங்கக்கா” என்றார் விஜிதரன்.

அந்த வருடம் காளியாயியின் காம்பராவில் சோற்றுக்குச் சம்பலும் சம்பலுக்குச் சோறுமாக ஓடியது. காளியாயி பிஞ்சுக் கிழங்கில் பாதியைச் சனங்களோடு பங்கிட்டுத் தின்றாள். மீதியை முளைக்க வைத்து, பதினாலு உரச்சாக்கில் மண் நிரப்பி, லயத்து வாசலில் வரிசையாக நட்டாள். துணி காயப்போடுகிற கொடிக்குக் கீழே அவை தளதளவென்று எழும்பி வந்தன.

இரண்டாம் கட்டத்துக்கு இடம் தேடி ஒருநாள் விஜிதரன் வந்தார். கொடியில் கிடந்த சேலையை விலக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். முகத்தில் மனதாரச் சந்தோசம்.

“அக்கா! இது உருளைக்கிழங்குதானே? பதினாலு சாக்கு! இத்தன நாளா இது எங்க கண்ணுல படாமப் போச்சே. இத உடனே பாதுகாக்கணும்.” பையில் கை விட்டு மஞ்சள் கருவியை எடுத்தார்.

ஒரு உத்தியோகத்தருக்கு முன்னால் குறுக்கே நின்று காளியாயிக்குப் பழக்கமில்லை. அன்றைக்கு இரண்டு கையையும் விரித்துச் சாக்குகளுக்கு முன்னால் நின்றாள்.

“ஐயா, ஒங்களக் கையெடுத்துக் கும்புடுறேன். இத மட்டும் காப்பாத்திராதீங்க.”

“ஏன்க்கா? காப்பாத்துறதுதானே எங்க வேல?”

“அதுக்குத்தாங்க ஐயா பயமா இருக்கு.”

பிரேமினி ஓடி வந்து ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அடுத்த காம்பராவிலிருந்து வீரய்யா, யூனிபோர்ம் இல்லாமல், வந்து இரண்டைத் தூக்கினார். மற்றப் பெண்களும் வந்தார்கள். இரண்டு நிமிடத்தில் வாசல் காலியாகி, கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

காளியாயி கடைசிச் சாக்கை அடுப்படி மூலையில் இறக்கி வைத்தாள். காம்பராவுக்குள் வெயில் வராது, இருட்டில் கிழங்குச் செடி நாலு நாள் தாங்காது என்பது அவளுக்குத் தெரியும். ஜீப் கிளம்பும் சத்தத்துக்காகக் கதவுக்குப் பின்னால் காதை வைத்துக் காத்து நின்றாள். வெளியே விஜிதரன், காலியாகக் கிடந்த வாசலை அளக்க ஆரம்பித்திருந்தார்.